ஜெர்மனிக்குப் போன சாம்பார் பொடி

சீலியாக் நோய் உள்ள பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன், மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் என்னென்ன செய்தோம் என்று எழுதி வைக்கிறேன். போனவள் என் அக்கா மகள். படிக்கப் போன ஊர் ஜெர்மனியில் டிரெஸ்டன். கோதுமை, பார்லி, ரை மூன்றும் அவளுக்கு ஆகாது. அவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்க ஆரம்பித்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பது ஒன்றுதான் வழி, அதுவும் ஆயுள் முழுக்க.

வருடக்கணக்கில் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். ரத்தம் ஏறவே இல்லை. கடைசியில் ஒரு மருத்துவர் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். அப்புறம் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சந்தேகம் வந்தால், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் தெரிய வேண்டியது தெரியாமல் போய்விடும்.

நம் பக்கம் இது அரிது. 2016ல் வெளியான ஓர் ஆய்வு நாட்டின் பல பகுதிகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவர் என்று கணக்கு வந்தது. அதனால்தான் இங்கே கடையில் போய் ‘குளூட்டன் இல்லாதது இருக்கா’ என்றால், ‘சுகர் ஃப்ரீயா சார்?’ என்று கேட்கிறார்கள்.

சப்பாத்தி, பூரி, உப்புமா, பிஸ்கட், பிரெட் எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்திவிட்டோம். அரிசி தின்கிற நமக்கு என்ன கஷ்டம் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, வெண்பொங்கல் இருக்கின்றன. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. எல்லாம் சரிதான். ஆனால் குளூட்டனை நிறுத்தினால் இறங்க வேண்டிய டிடிஜி அளவு இறங்குகிற மாதிரி இறங்கவில்லை. அது மெல்லத்தான் இறங்கும், மாதக்கணக்கில் ஆகும் என்பது தெரியும். ‘இந்த வேகம் போதாது, எங்கேயோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, தேடுங்கள்’ என்றார் மருத்துவர். ஜெர்மனி விசாவுக்கு அப்போதே விண்ணப்பித்திருந்தோம். சொந்த வீட்டில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அவளை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எவ்வளவு நுணுக்கமாகத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் வேலையில் இறங்க முடியும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்லிக்கொள்ள கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயும் ஐரோப்பிய ஒன்றியமும் அதே எண்ணைத்தான் வைத்திருக்கின்றன. கோதுமை மாவில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் மைதா கலந்தாலே எல்லை வந்துவிடும். 2007ல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் குடல் சுவர் கெட்டது தெரிந்தது. அந்த 50 மில்லிகிராம் அரை கிராமுக்குச் சற்று மேலான மைதாவிலேயே இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை இது.

முதல் வேலையாக அடுப்படி அலமாரியில் இருந்த அத்தனை பாக்கெட்டையும் கூடத்தில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தை வாசித்தோம். அவள் வாசிக்க, நான் நோட்டில் எழுதினேன். ராகி சேமியா என்று வாங்கி வைத்திருந்த பாக்கெட்டில் ராகியைவிட மைதா அதிகம். பாலில் கலக்கிக் குடிக்கிற மாவில் பார்லி மால்ட். ஃப்ரைட் ரைஸுக்கு வாங்கிய சோயா சாஸில் கோதுமை. சோயா சாஸைக் கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பதுதான் வழக்கமாம். ஓட்ஸில் இயற்கையாகக் குளூட்டன் இல்லை என்றாலும், வயலிலிருந்து மில் வரைக்கும் கோதுமையோடு புழங்குவதால் தனியாகச் சான்று போட்டது இல்லாமல் தொடக் கூடாது. ஓர் அப்பளக் கட்டின் சீட்டில் உளுந்து மாவோடு மைதாவும் இருந்தது. ஜவ்வரிசி தப்பித்தது, அரிசி சேவை தப்பித்தது.

இவையெல்லாம் எப்போதாவது சாப்பிடுகிறவை. தினம் மூன்று வேளையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது பெருங்காயம்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ‘கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம்’ என்று வரிசையாகவே போட்டிருக்கிறது. பட்டியலில் அதிகமாக இருப்பது முதலில் வரும் என்பதால், நாம் சாம்பாரில் போடுவது பெரும்பாலும் மாவுதான். யாரும் இதை ஒளித்து வைக்கவில்லை. நாம்தான் திருப்பிப் பார்த்ததில்லை. பெருங்காயம் ஃபெருலா என்ற செடியின் வேரைக் கீறி வடிக்கும் பிசின். ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து வருகிறது. இந்தியாவில் பயிரிட 2020 அக்டோபரில்தான் இமாசலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள். பிசினை அப்படியே போட்டால் வீரியம் தாங்காது, கையில் ஒட்டும், தூளாகாது. அதனால் மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். கட்டிப் பெருங்காயம் சுத்தமானது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தக் கட்டியிலும் மைதா இருந்தது.

அரிசி மாவில் கூட்டிய பெருங்காயமும் சந்தையில் உண்டு. ஆனால் ஒரே ஆலையில் இரண்டு வகையும் தயாரித்தால் என்ன உத்தரவாதம்? நாமே கூட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பாரிமுனை பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போனேன். ஒரு பழைய கடையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, மாவு கலக்காத பெருங்காயம் வேணும்.”

“மாவு கலக்காம எதுக்கு? குழம்பு கசந்துடும் தம்பி.”

“வீட்டுப் பொண்ணுக்குக் கோதுமை ஒத்துக்காது. டாக்டர் சொல்லியிருக்காங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து மூடி இறுக்கிய ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்தார். பால் பெருங்காயம். திறந்ததும் தெருவுக்கே தெரிந்துவிட்டது. விலையைக் கேட்டால் தங்கக் காசு வாங்க வந்தோமோ என்று தோன்றும். கொஞ்சமாக வாங்கினேன், ஆறு மாதத்துக்கு அது தாராளம்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று சோதனை. துளி பிசினை எவர்சில்வர் கரண்டியில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினால், கலப்படம் இல்லாதது கொழுந்துவிட்டு எரியும். எரிந்தது. தண்ணீரில் கரைத்தால் பால் வெள்ளையாக வரும். வந்தது. மூன்றாவதுதான் எனக்கு உபயோகமானது: மருந்துக் கடையில் வாங்கிய அயோடினில் ஒரு சொட்டை அந்தக் கரைசலில் விட்டேன். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும். பால் பெருங்காயத் தண்ணீரில் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நின்றது. பழைய டப்பாத் தூளைக் கரைத்து விட்டதும் கிண்ணம் முழுக்க மைக்கூடு மாதிரி ஆகிவிட்டது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அயோடின் மாவு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அரிசி மாவுக்கும் அதே நீலம்தான். எந்த மாவு என்று அதற்குத் தெரியாது.

கூட்டிய விதம் இது. பிசினை மிளகளவு கிள்ளி, தட்டில் வெயிலில் வைத்தேன். வெளிப்பக்கம் இறுகியதும் மூடி போட்ட பாட்டிலில் ஓர் இரவு ஃப்ரீசரில். பச்சரிசி மாவைச் சிறு தீயில் ஈரம் போக வறுத்து, நன்றாக ஆற வைத்தேன். ஒரு பங்கு பிசினுக்கு ஐந்து பங்கு மாவு. மிக்ஸியின் சின்ன ஜாரில் இரண்டையும் சேர்த்து விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். ஒரே மூச்சாக ஓட்டினால் ஜார் சூடாகி, பிசின் இளகி, பிளேடைச் சுற்றிக் கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் சுற்று, ஜாரைத் தட்டு, ஆற விடு, மறுபடி சுற்று. சலித்து, சல்லடையில் தங்கிய கப்பியைத் திரும்ப ஜாரில் போட்டு, கடைசியில் ஒரு பாட்டில் தூள் கிடைத்தது. அந்த ஜார் இனி பெருங்காயத்துக்கு மட்டும்தான். வேறு எதற்கும் ஆகாது. எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியாக, ‘என்ன, ஊருக்கே ரசம் வைக்கிறீங்களா?’ என்று கேட்டார். கடைத் தூள் போடும் அளவில் பாதி போட்டாலே போதும். மணம் வேறு ரகம். அக்காவே இப்போது எல்லோருக்கும் இதைத்தான் போடுகிறாள்.

அடுத்து மாவு மில். நம் தெருக்களில் மிஷினில் கொடுத்து அரைப்பது எப்படி நடக்கிறது என்று தெரியும். முன்னால் அரைத்தவரின் மாவு மிஷினுக்குள் கொஞ்சம் தங்கும். நம் தானியத்தில் ஒரு பிடியை முதலில் போட்டு அதைத் தள்ளிவிட்டுத்தான் நம்முடையதை அரைப்பார்கள். மிளகாய்க்கும் மல்லிக்கும் எப்படியும் தனி மிஷின் இருக்கும்; அரிசியும் கோதுமையும் பல இடங்களில் ஒன்றில்தான் போகும். நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் மில்லிலும் அப்படித்தான். அரைப்பவர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், ‘காலையில கடை திறந்ததும் வாங்க சார், மிஷினைத் தட்டித் துடைச்சு முதல்ல உங்களுக்கு அரைச்சுத் தர்றேன்’ என்றார். சொன்னபடியே செய்தார். ஆனால் அங்கே நின்று மேலே பார்த்தேன். குழல் விளக்கின் மேல், மின்விசிறி இறக்கையின் மேல், பெல்ட்டின் மேல், தராசின் மேல் எல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவு படிந்திருந்தது. மிஷின் ஓடும்போது அதிர்ந்து உதிரவும் செய்தது.

அந்த அரிசி மாவில் கொஞ்சமும், வீட்டு மிக்ஸியில் அரைத்ததில் கொஞ்சமும் தனித்தனிப் பையில் போட்டு, இங்கேயே ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். ஆர்5 எலைசா என்ற முறையில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கோடெக்ஸ் ஏற்றுக்கொண்ட முறை அதுதான். கட்டணம் கொஞ்சம் கடிக்கும், ஆனால் இந்த வேலை முழுக்கச் செலவழித்ததில் மிகவும் உருப்படியான செலவு இதுதான் என்பேன். வீட்டில் அரைத்தது எல்லைக்கு நன்றாகக் கீழே இருந்தது. மில்லில் காலை முதல் ஆளாக அரைத்தது எல்லையைத் தாண்டி மூன்று இலக்கத்தில் நின்றது. அத்தோடு மில் முடிந்தது. அந்த மனிதர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோதுமை அரைக்கிற இடத்தில் இதற்கு மேல் யாராலும் முடியாது.

வீட்டில் அரைப்பது என்றால் மிக்ஸி சுத்தமா என்று பார்க்க வேண்டாமா? பெரிய ஜாரின் அடியைக் கழற்றினேன். பிளேடுக்குக் கீழே, ரப்பர் வளையத்தின் மடிப்பில், என்றைக்கோ அரைத்ததெல்லாம் கருத்துக் கல்லாக உட்கார்ந்திருந்தது. பல் குச்சியால் சுரண்டினால் துண்டு துண்டாக வந்தது. இதில்தான் சம்பா கோதுமையை உடைத்துக் கஞ்சி வைத்திருக்கிறோம். தினம் கழுவுகிற ஜார்தான்! மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை, ஜாரை மட்டும் புதிதாக வாங்கினோம். மற்ற சாமான்களுக்கு ஒரு சுலபமான விதி வைத்துக்கொண்டேன்: எவர்சில்வரும் கண்ணாடியும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், மரமும் வலையும் கீறல் விழுந்த நான்ஸ்டிக்கும் அவளுக்கு ஆகாது. அந்த விதிப்படி பூரிக்கட்டை, மணை, சல்லடை, மரக் கரண்டி, தோசைத் திருப்பி எல்லாம் அவளுக்கென்று புதிதாக வந்தன. பழைய தோசைக்கல்லில்தான் சப்பாத்தியும் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதால் புதுக் கல் ஒன்றை எண்ணெய் தடவிப் பழக்கினோம். அவள் சாமான் எல்லாவற்றிலும் எலெக்ட்ரிக் வேலைக்கு வைத்திருந்த சிவப்பு டேப்பைச் சுற்றினேன். கோதுமை மாவு சலிப்பது வீட்டுக்குள் தடை. மாவு காற்றில் பறந்து நேரம் கழித்துத்தான் எதன் மேலாவது படியும். அத்தான் சப்பாத்தி இல்லாமல் இரவு தூங்க மாட்டார். அவருக்குக் கடையிலிருந்து வருகிறது.

மசாலாச் சாமான் வாங்கும்போது மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் கடையைத் தவிர்த்தோம். ஒரே அளவைப் படியால் கோதுமையையும் அள்ளுவார்கள். பாக்கெட்டில் வாங்கியதையும் பொறுக்காமல் விடவில்லை. மல்லியில் கோதுமை மணி கிடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பெரிய தாம்பாளத்தில் ஒரு கை மல்லியைப் பரப்பி மெல்லச் சாய்த்தால், மல்லி உருண்டு ஓடிவிடும். கோதுமை இருந்த இடத்திலேயே நிற்கும். கையில் எடுத்துப் பார்த்தால் வயிற்றில் நீளமாக ஒரு கோடு. நெல் கிடந்தால் உமி காட்டிக்கொடுக்கும். உளுத்தம்பருப்பின் வெள்ளையில் கோதுமை உடனே கண்ணில் படுகிறது. துவரம்பருப்பில்தான் கஷ்டம், நிறம் ஏறக்குறைய ஒன்று. அதைப் பொறுக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் காய வைத்த பிறகே வறுத்தோம். வெள்ளைத் துணிக்குப் பதில் கறுப்புத் துணியை விரித்தால் கண்ணுக்கு எளிது என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.

எங்கள் வீட்டு சாம்பார் பொடிக்கு மல்லி 200 கிராம், மிளகாய் 100 கிராம், துவரம்பருப்பு 50, கடலைப்பருப்பு 25, மிளகு 20, சீரகம் 20, வெந்தயம் 10, விரலி மஞ்சள் 10. மிளகாயை வெயிலில் மொறுமொறுவென்று காய விட்டு, மற்றதைத் தனித்தனியாக எண்ணெய் விடாமல் வறுத்து, ஆறியபின் அரைக்க வேண்டும். விரலி மஞ்சளை அம்மிக்குழவியால் தட்டி உடைத்துக்கொள்ளாவிட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். மில்லில் அரைத்த நைஸ் வராது. கொஞ்சம் கொரகொரப்பாகத்தான் இருக்கும், குழம்பில் அது தெரியாது. இதே முறையில் ரசப்பொடி, பருப்புப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, புளியோதரைப் பொடி.

சப்பாத்திக்கு மாற்று ஒன்றும் வேண்டும் என்றாள். மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகச் சோறு எப்போதும் சரிப்படாது. சோள மாவு 100 கிராமுக்கு இசப்கோல் என்ற விதை உமி 5 கிராம், உப்பு. கொதிக்கிற தண்ணீரை விட்டுக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வைக்க வேண்டும். இசப்கோல் தண்ணீரைக் குடித்துப் பசையாகும். குளூட்டன் செய்கிற பிடிமான வேலையை இங்கே அது செய்கிறது. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் ஓரம் விரியாது. சூடாக நன்றாக இருக்கிறது. ஆறினால் விறைக்கும், அதற்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை; அவள் ஈரத் துணியில் சுற்றி மைக்ரோவேவில் வைத்துக்கொள்கிறாள்.

சென்னையில் இருந்தவரை வெளியே சாப்பிடுவதைக் குறைத்துவிட்டோம். இட்லியை நம்பலாம், சாம்பாரை நம்ப முடியாது. தோசைக் கல்லில் ரவா தோசையும் போடுவார்கள், மெதுவடையை மைதா போண்டா பொரித்த எண்ணெயில்தான் போடுவார்கள். கோயில் புளியோதரையிலும் பெருங்காயம் உண்டு. கல்யாண வீடுகளில் தயிர்ச்சாதத்தைக்கூடத் தாளிதம் போடும் முன்னால் கேட்டு வாங்கினோம்.

பெட்டி கட்டும்போது அக்கா ஒரு பாட்டில் நெய்யை உள்ளே வைத்தாள். நான் எடுத்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால் பொருள்தான். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள், எனவே நிழலில் காய வைத்துப் பொடித்த கறிவேப்பிலை. பொடிகளைத் தடித்த பிளாஸ்டிக் பையில் சீல் வைத்து, என்ன பொடி, என்ன சேர்ந்தது, அரைத்த மாதம் மூன்றையும் ஒட்டினேன். புது மிக்ஸி ஒன்றும் பெட்டியில் போனது. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். எர்த் உள்ள நல்ல அடாப்டர் மட்டும் வேண்டும். விமானத்தில் ஜிஎஃப்எம்எல் என்ற குறியீட்டில் குளூட்டன் இல்லாத சாப்பாடு முன்கூட்டியே பதிந்தோம். பதிந்திருந்தும் கைப்பையில் பொரிவிளங்காய் உருண்டை இருந்தது.

ஒரு சின்ன அட்டையில் ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதி லேமினேட் செய்து கொடுத்தேன்: வைட்சன் கோதுமை, கெர்ஸ்டே பார்லி, ரோகன் ரை, டிங்கல் கோதுமைக் குடும்பத்துப் பழைய தானியம், கிரீஸ் ரவை, மால்ட்ஸ் மால்ட், பானியர்மேல் ரொட்டித் தூள். புக்வைட்சன் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது கோதுமை இல்லை. இரண்டு வாரத்தில் அட்டை தேவைப்படாமல் போனது. அங்கே பொருள் பட்டியலில் ஒவ்வாமை தருபவற்றைத் தடித்த எழுத்து மாதிரி ஏதாவது ஒரு விதத்தில் எடுத்துக்காட்டியே ஆக வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பா முழுக்க நடப்பில் இருக்கும் விதி அது. பாக்கெட் இல்லாமல் விற்கும் உணவுக்கும், பல்கலைக்கழக கேன்டீனிலும் ஒவ்வாமை விவரம் சொல்லியாக வேண்டும். கேன்டீன் பட்டியலில் ஒவ்வொரு உணவின் பக்கத்திலும் குறியீடு போட்டிருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் குளூட்டன் இல்லாத சாமானுக்கென்றே தனி அலமாரி. குறுக்கே கோடு போட்ட கதிர்ச் சின்னத்தைத் தேடினால் போதும். ரொட்டி சாதாரண ரொட்டியைவிடப் பல மடங்கு விலை, அளவோ உள்ளங்கை. இத்தாலியில் சீலியாக் உள்ளவர்களுக்கு இதை வாங்க அரசாங்கமே மாதாமாதம் ஒரு தொகை தருகிறது; ஜெர்மனியில் பொதுவாக அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் ரொட்டி வாங்குவதில்லை. அரிசி மாவு, உருளைக்கிழங்கு, முட்டை, சோளம், அங்கேயே மருந்துச் சாமான் கடையில் கிடைக்கும் இசப்கோல். இப்படித்தான் ஓடுகிறது.

நான் பயந்த இடத்தில் கஷ்டம் வரவில்லை. வந்தது வேறு இடத்தில்.

“மாமா, சூப்பர் மார்க்கெட்ல கண்ணை மூடிட்டு வாங்கலாம். இந்தியன் ஸ்டோர்லதான் பயமா இருக்கு” என்றாள் போனில்.

யோசித்தால் நியாயம்தான். இந்தியக் கடையில் வரிசையாக இருப்பது இங்கிருந்து போன அதே பெருங்காய டப்பா, அதே ராகி சேமியா, அதே சாம்பார் பொடி. பின்னால் ஒட்டிய ஜெர்மன் சீட்டில் வைட்சன் என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதை வாசிக்காமல், நம் ஊர்ச் சாமான் என்ற நம்பிக்கையில் எடுத்தால் போச்சு. தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து பொங்கல் வைத்த அன்று, ‘அரிசியும் பருப்பும்தானே, உனக்கு ஆகும்’ என்று அன்போடு தட்டை நீட்டினார்கள். பெருங்காயம் போட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். போட்டிருந்தார்கள். அடுத்த தடவையிலிருந்து பெருங்காயம் அவள் பாட்டிலிலிருந்துதான் என்று ஏற்பாடு. விடுதியின் பொதுச் சமையலறையில் அவள் தொடாதவை மூன்று: டோஸ்டர், பாஸ்தா வடிகட்டி, மரப் பலகை. அவள் சட்டியும் கரண்டியும் சிவப்பு டேப்போடு அறைக்குள் பூட்டில் இருக்கின்றன. கூடத் தங்கியிருக்கும் வியட்நாம் பெண் டேப்பைப் பார்த்துவிட்டு, தன்னுடையதில் நீல டேப் சுற்றிக்கொண்டாளாம். அவளுக்கு ஒவ்வாமை எதுவும் கிடையாது, யாரும் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்காக.

அங்கே போய் எடுத்த டிடிஜி பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது. ஹீமோகுளோபினும் ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்போது அடுத்த பார்சலுக்கான வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. சாம்பார் பொடியில் மிளகாயை 100லிருந்து 80 கிராமாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள், கூடச் சாப்பிடுகிற வியட்நாம் பெண்ணுக்குக் காரம் தாங்கவில்லையாம். பருப்புப்பொடியில் கொள்ளு சேர்க்க வேண்டும் என்கிறாள், அக்கா சூடு என்று மறுக்கிறாள். இரண்டு பாக்கெட்டாகப் போட்டுவிடலாம் என்று கொள்ளை நேற்றே பொறுக்கி அலசி மொட்டை மாடியில் காய வைத்தேன். அதில் கோதுமை ஒன்றும் இல்லை, கல்தான் நிறைய.